செங்கொடியும் சமோவாரும்

மாக்ஸிம் கார்க்கியின் 'தாய்' 1906ஆம் ஆண்டில் எழுதப்பெற்ற நாவல். தொ. மு. சி. ரகுநாதனின் மொழிபெயர்ப்பு வாயிலாக அது தமிழ் வாசகரின் கைக்கு வந்த நாள்முதல், முற்போக்கு இலக்கியத்தில் ஈடுபாடுடையோர் இளைஞருக்கு முதன்முதலில் எடுத்துக் கொடுக்கும் நூல்களுள் ஒன்றாக அது இருந்து வருகின்றது. அந்நாவலைப் பற்றி எம்மவர் எழுதியவை பல. மேடைகளிற் பேசியவை அவற்றினும் பல. அவை பெரும்பாலும் ஒரே தடத்திற் செல்வன. கணவனிடம் அடியும் உதையும் பட்டு வாய்பேசாதிருந்த ஏழைப் பெண்ணொருத்தி, மகன்மீது கொண்ட அன்பின் வழியே உலகை அறிந்து, ஈற்றில் உழைப்பாளர் அனைவருக்கும் தாயாகின்றாள் என்பதே அத்தடம். இக்கூற்றிற் பிழையில்லை, குறையுண்டு. அக்குறை யாது என்பதையும், அதனால் எமது இலக்கிய நோக்கிலும் இயக்க வாழ்விலும் நேர்ந்தது யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாவலின் கதையை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1902ஆம் ஆண்டில் ஸோர்மோவோ என்ற தொழிற்சாலைப் பகுதியில் நடைபெற்ற மே தின ஊர்வலமும், அதிற் கொடியேந்திய பியோத்தர் ஸலோமோவ் என்ற தொழிலாளியும், அவர்தம் தாயார் அன்னா ஸலோமோவாவும் கார்க்கிக்குக் கருப்பொருள் தந்தனர். நாவலின் தாய் பெலகேயா நிலோவ்னா. கதை தொடங்கும்போது அவளுக்கு வயது 40. குடிகாரக் கணவன் இறந்தபின் மகன் பாவெலும் சிறிது காலம் குடிக்கின்றான். பின்னர் மாறுகின்றான், தடைசெய்யப்பட்ட நூல்களைப் படிக்கின்றான், தோழர்களைத் தன் வீட்டுக்கு அழைக்கின்றான். தொழிலாளர் குடியிருப்பின் ஓரத்தில் உள்ள அச்சிறு வீடு ஓர் இயக்கத்தின் பாசறையாகின்றது.

அப்பாசறையில் ஒரு பொருள் ஓயாது இயங்கிக் கொண்டிருக்கின்றது. அது சமோவார். ருஷ்யரின் இல்லங்களில் தேநீருக்கு நீர் கொதிக்க வைக்கும் உலோகக் கலத்துக்கு அது பெயர். இளைஞர் கூடுகின்றனர், வரலாறு படிக்கின்றனர், வாதிடுகின்றனர். தாய் சமோவாரை மூட்டுகின்றாள்; தேநீர் ஊற்றுகின்றாள்; ஓர் ஓரத்தில் அமர்ந்து, விளங்கியும் விளங்காமலும் அவர்களது பேச்சைக் கேட்கின்றாள். கைதுகள் நிகழுமுன்னும், நிகழ்ந்த பின்னும், மே தினத்தின் விடியற்காலையிலும் அக்கலம் கொதிக்கின்றது. செங்கொடி நாவலிற் சில பக்கங்களிலேயே பறக்கின்றது. சமோவாரோ ஏறக்குறைய நாவல் முழுவதும் கொதிக்கின்றது. கொடியைப் பற்றி எமது விமரிசகர்கள் எழுதினர். சமோவாரைப் பற்றி எழுதினார் அரியர்.

கார்க்கி பார்க்கத் தவறியவர் அல்லர். பாவெலிடம் நேர்ந்த மாற்றத்தை அவர் முதன்முதலில் எவ்வாறு காட்டுகின்றார் என்பது மனங்கொள்ளத் தக்கது. அவன் இன்னும் எவ்வித அரசியற் சொல்லையும் தாயிடம் உரைக்கவில்லை. ஆனால் சிற்சில வேளைகளில் தானே தரையைப் பெருக்குகின்றான். விடுமுறை நாட்களிற் தன் படுக்கையைத் தானே ஒழுங்கு செய்கின்றான். தாயின் வேலைச் சுமையைக் குறைக்க முயல்கின்றான். அக்குடியிருப்பில் வேறெவரும் அவ்வாறு செய்வதில்லை என்பதையும் ஆசிரியர் சேர்த்துரைக்கின்றார். மகன் புதிய மனிதனாகின்றான் என்பதற்கு ஆசிரியர் தரும் முதற் சான்றுகளுள் துடைப்பமும் ஒன்று. அக்காட்சி எழுதப்பட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிய பின்னரும், இயக்கக் கூட்டம் முடிந்த வீட்டிற் துடைப்பத்தை எடுப்பவர் யார் என்று கேட்டால் எம்மிற் பலர் தலைகுனிய நேரும்.

ஆயினும் நாவல் வளர வளரத் துடைப்பம் பின்தள்ளப்படுகின்றது. அதற்குரிய காரணத்தை ஓர் உரையாடல் துலக்கமாகக் காட்டுகின்றது. பாவெலின் தோழன் அந்திரேய், நதாஷா என்ற இளம் ஆசிரியையைக் காதலிக்கின்றான். அதனை அவளிடம் சொல்லலாமா என்று அவன் பாவெலிடம் கேட்கும்போது தாய் அப்பேச்சைக் கேட்க நேர்கின்றது. பாவெலின் விடை கண்டிப்பானது. திருமணமானாற் பிள்ளைகள் பிறப்பர். உணவுக்காகவும் வீட்டுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் உழைப்பதிலேயே வாழ்வு கழியும். இருவரும் இலட்சியத்துக்குப் பயன்படாதோராய் விடுவர் என்பதே அவ்விடையின் சாரம். அந்திரேய் மௌனமாயிருக்க முடிவு செய்கின்றான். பாவெலும் தன்னை நேசிக்கும் ஸாஷாவின்பால் அதே நெறியைக் கடைப்பிடிக்கின்றான்.

இப்பேச்சை அதன் சூழலில் வைத்து நோக்குதல் வேண்டும். பிள்ளை வளர்ப்பும் அடுப்பும் இலட்சியத்தைக் கொன்றுவிடும் என்று அவ்விளைஞர் எங்கிருந்து பேசுகின்றனர்? ஒரு தாயின் அடுப்பு எரியும் வீட்டிலிருந்தே பேசுகின்றனர். அவர்களுடைய உடைகளைத் துவைப்பவளும், பாணும் தேநீரும் தருபவளும், சிறைக்குச் சென்று பார்த்து வருபவளும் அவளே. பராமரிப்பு என்னும் உழைப்பு இயக்கத்துக்குத் தடையென அவர்கள் கருதுகின்றனர். அவ்வுழைப்பின்றி அவ்வியக்கம் ஒரு கிழமைகூட நிலைத்திராது என்பதை நாவல் பக்கந்தோறும் காட்டுகின்றது. இளம் பெண்கள் இலட்சியத்துக்காகத் தாய்மையைத் துறக்க வேண்டும். முதிய பெண்ணோ இலட்சியத்துக்காகத் தாய்மையை விடாது சுமக்க வேண்டும். இரு திசையிலும் விலை செலுத்துவோர் பெண்களே.

நாவலின் பிற்பகுதியில் வரும் லுத்மீலா என்ற பாத்திரத்தைப் பற்றி விமரிசகர் அதிகம் பேசுவதில்லை. இரகசிய அச்சகத்தை நடத்தும் அவளுக்கு ஒரு மகனுண்டு. அவன் அரச வழக்குத்தொடுநரான தந்தையிடம் வளர்கின்றான். தாயால் அவனைக் காண இயலாது. நாளை அவன் தனக்குப் பகைவனாக வளரக்கூடும் என்ற அச்சமும் அவளுக்குண்டு. நீதிமன்றத்திற் பாவெல் ஆற்றிய உரையை அவளே அச்சிடுகின்றாள். அதே பிரதிகளைப் பெட்டியிற் சுமந்து சென்றே நிலோவ்னா புகையிரத நிலையத்திற் பிடிபடுகின்றாள். மகனின் சொல்லை இரு பெண்கள் உலகுக்குக் கொண்டு செல்கின்றனர். ஒருத்தி தாயானமையால் அவ்விடத்துக்கு வந்தவள், மற்றவள் தாய்மையை இழந்து அவ்விடத்துக்கு வந்தவள். கார்க்கி இவ்விருவரையும் ஒரே அறையில் அமர்த்தியது அவரது கலைநோக்கின் நுண்மையைக் காட்டும்.

அந்நுண்மைக்கு இன்னுமொரு சான்றுண்டு. பாவெல் முதன்முறை சிறைப்பட்டபின், தொழிற்சாலைக்குள் துண்டுப் பிரசுரங்கள் தொடர்ந்து வந்தாற்றான் அவன்மீதுள்ள ஐயம் நீங்கும் என்ற நிலை எழுகின்றது. வாயிற் காவலர் ஆண்களைச் சோதிக்கின்றனர். அப்பொழுது தாய், தொழிற்சாலைக்கு உணவு விற்கச் செல்லும் மாரியா என்ற பெண்ணின் துணையாளாகச் சேர்ந்து, பிரசுரங்களை மறைத்து உள்ளே எடுத்துச் செல்கின்றாள். உணவு சுமக்கும் பெண்ணை எவரும் பொருட்படுத்துவதில்லை. எவரும் பொருட்படுத்தாத அவ்வேலையே அவளுக்கு அரணாகின்றது. பராமரிப்பு உழைப்பில் ஓர் அரசியல் ஆற்றல் உறைந்திருக்கின்றது என்பதைக் கார்க்கியின் கை எழுதியிருக்கின்றது. அவருடைய வீரர்களின் வாய் அதனைச் சொல்லவில்லை. கலைஞன் கண்டதற்கும் பாத்திரங்கள் சொன்னதற்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பதே விமரிசகனின் கடமை. எமது விமரிசனம் பாத்திரங்கள் சொன்னதோடு நின்றுவிட்டது.

"1906ஆம் ஆண்டின் நூலிடம் இக்காலத்துக் கேள்வியைக் கேட்பது நியாயமா?" என்று சிலர் வினவலாம். இக்கேள்வி இக்காலத்தது மட்டுமன்று. புரட்சி நடந்து இரண்டாண்டு கழியுமுன், 1919இல், 'மகத்தான தொடக்கம்' என்ற பிரசுரத்தில் லெனின் இதனையே எழுப்பினார். சட்டங்கள் பெண்ணை விடுவித்த பின்னரும், சில்லறை வீட்டுவேலை அவளை நசுக்கி அடுப்படியிற் கட்டி வைத்திருக்கின்றது என்றும், பொது உணவுச்சாலைகளும் குழந்தைக் காப்பகங்களுமே புதிய சமுதாயத்தின் முளைகள் என்றும் அவர் கருதினார். அதே 1919இல் உழைக்கும் பெண்களுக்கெனக் கட்சியில் 'ஷெனொத்தெல்' என்ற பிரிவு அமைந்தது. அலெக்ஸாந்திரா கொல்லொந்தாய் 1920இல் எழுதிய 'கம்யூனிசமும் குடும்பமும்' என்ற கட்டுரை, சமையலும் துவைத்தலும் பிள்ளை வளர்ப்பும் சமுதாயத்தின் பொறுப்பாதல் வேண்டும் என வாதிட்டது.

பின்னர் நிகழ்ந்தவற்றையும் நேர்மையுடன் கூறுதல் வேண்டும். அப்பெண்கள் பிரிவு 1930இல் மூடப்பட்டது. 1920இற் சட்டபூர்வமாக்கப்பட்ட கருக்கலைப்பு 1936இற் தடைசெய்யப்பட்டது; அத்தடை 1955இலேயே நீங்கியது. போரில் மக்களைப் பெருமளவில் இழந்த அந்நாடு, 1944இல், பத்துப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பெண்ணுக்கு 'வீரத்தாய்' என்ற விருதை ஏற்படுத்தியது. காப்பகங்கள் பெருகியது உண்மையே. எனினும் அடுப்படியைப் பொதுவாக்குவோம் என்று தொடங்கிய பேச்சு, தாயின் மார்பில் விருது சூட்டுவதில் வந்து நின்றது. உழைப்பைப் பகிர்ந்துகொள்ள மனமில்லாத சமுதாயங்கள் உழைப்பவளைப் புகழ்கின்றன. இது முதலாளித்துவத்துக்கு மட்டும் உரிய வழக்கமன்று.

இதன் விளைவை அறிய வேறொரு நூலை எடுத்துக் கொள்வோம். நதாலியா பரான்ஸ்கயா எழுதிய 'வாரம் போல ஒரு வாரம்' என்று தமிழிற் பெயர் சொல்லத்தக்க குறுநாவல் 1969இல் 'நோவி மீர்' இதழில் வெளிவந்தது. புரட்சியிலிருந்து 52 ஆண்டுகள் கழிந்த காலம். உழைப்பாளர் தொகையிற் பாதியளவினர் பெண்கள். கதையின் நாயகி ஒல்கா, மாஸ்கோவில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் விஞ்ஞானி, வயது 26, இரு குழந்தைகளின் தாய். நிலோவ்னா தட்டுத்தடுமாறி எழுத்தைக் கற்றாள். ஒல்கா கல்வியும் தொழிலும் வாக்குரிமையும் பெற்றவள். கணவன் தீமா நல்லவன், குடிப்பதில்லை, அடிப்பதில்லை. நிலோவ்னா கனவிலும் காணாத வாழ்வு அது.

அவ்வாழ்வு திங்கள் முதல் ஞாயிறு வரை எவ்வாறு ஓடுகின்றது என்பதை மட்டும் பரான்ஸ்கயா எழுதுகின்றார். காலையிற் குழந்தைகளை எழுப்புதல், உடுத்தல், காப்பகத்துக்கு அனுப்புதல், நெரிசலான வண்டிகளில் நெடும்பயணம், ஆய்வு, இடைவேளையிற் கடைக்கு ஓட்டம், மாலையிற் பைகளைச் சுமந்து மீளுதல், சமையல், துவைத்தல், நள்ளிரவு. ஒல்காவின் இடைப்பட்டியிற் கொளுக்கி ஒன்று அறுந்து போகின்றது. அதனைத் தைக்க அவளுக்கு அவகாசம் கிடைப்பதில்லை. ஞாயிறு இரவு வரை அக்கொளுக்கி தைக்கப்படவேயில்லை. பெருஞ் சோகம் எதுவும் கதையில் நிகழ்வதில்லை. ஒரு கொளுக்கி தைக்கப்படவில்லை, அவ்வளவே. வாசகர் அக்கொளுக்கியை மறக்க முடியாது.

கதையின் தொடக்கத்தில் ஆய்வுகூடத்துப் பெண்களுக்கு ஒரு வினாக்கொத்து வழங்கப்படுகின்றது. வீட்டுவேலைக்கு எத்தனை மணி நேரம், பிள்ளைகளுக்கு எத்தனை, ஓய்வுக்கு எத்தனை என்று அது கேட்கின்றது. பெண்கள் ஏன் பிள்ளை பெற விரும்பவில்லை என்று அறியவே இவ்வினாக்கள் என அவர்கள் தமக்குள் பேசிக்கொள்கின்றனர். பிள்ளைகளின் நோயினால் வேலைக்கு வராத நாட்களைக் கூட்டிப் பார்த்து ஒல்கா திகைக்கின்றாள். அந்நாட்கள் அவளுடைய கணக்கிலேயே விழுகின்றன. தீமாவின் கணக்கில் விழுவதில்லை. விடுமுறை நாளில் அவன் தொழில்நுட்பச் சஞ்சிகை படிக்கின்றான். அவளும் விஞ்ஞானிதான், அவள் துணி துவைக்கின்றாள். பாவெல் ஒருகால் எடுத்த துடைப்பம் தீமாவின் கைக்கு வந்து சேரவில்லை.

இவ்விரு நூல்களையும் அருகருகே வைக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. பெண் தொழிற்சாலைக்குச் செல்வது விடுதலைக்கு இன்றியமையாதது. ஆயின் அது மட்டும் போதாது. வீட்டிலுள்ள உழைப்பு எவருடையது என்ற கேள்வி தீர்க்கப்படாதவிடத்து, வெளியே கிடைத்த வேலை அவளுக்கு இரண்டாவது சுமையாகின்றது. வர்க்கப் பிரச்சினை தீர்ந்தாற் பெண் பிரச்சினை தானே தீரும் என்று எம்மிற் சிலர் இன்றும் கூறுவதுண்டு. அவர்கள் ஒல்காவின் ஒரு வாரத்தைப் படித்தல் நன்று. அக்கதையைப் புனைந்தவர் சோவியத் எழுத்தாளர். வெளியிட்டது சோவியத் இதழ். பகைவரின் பிரசாரம் என்று அதனைத் தள்ளிவிட இயலாது.

மேற்கு நாடுகளிலும் இதே கேள்வி வேறு வழியாக எழுந்தது. 1975இல் ஸில்வியா ஃபெடரீச்சி, வீட்டுவேலைக்குக் கூலி என்ற கோரிக்கையை முன்வைத்து ஒரு பிரசுரம் எழுதினார். அன்பு எனப் பெயர் சூட்டி ஊதியமற்ற உழைப்பைப் பெறுகின்றனர் என்பது அவரது வாதம். அதே ஆண்டு ஒக்டோபர் 24ஆந் தேதி ஐஸ்லாந்தில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பெண்கள் தொழிலையும் வீட்டுவேலையையும் ஒருநாள் நிறுத்தினர். ஆண்கள் பிள்ளைகளை வேலைத்தலங்களுக்குக் கூட்டிச் சென்றனர். காணப்படாத உழைப்பு, நின்றபோதே காணப்பட்டது.

இனி எமது நாட்டை நோக்குவோம். இக்கேள்விக்கு இங்கே மூன்று முகங்கள் உண்டு.

முதலாவது முகம் மலைநாட்டில் உள்ளது. தேயிலைக் கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் மலையேறும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் 'பிள்ளைக் காம்பரா'. தேயிலைத் தொழில் நின்று நிலைப்பதற்கு ஆலையின் இயந்திரம் எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது அக்காம்பரா. அங்கே குழந்தைகளைப் பார்க்கும் பெண்ணின் உழைப்பும், மாலையிற் கொழுந்துக்கூடையை இறக்கிவிட்டு லயத்தில் அடுப்பு மூட்டும் பெண்ணின் உழைப்பும் தேயிலையின் விலையில் அடங்கியிருக்கின்றன. கூலிப் பேச்சுவார்த்தையிற் பின்னதன் பெயர்கூட எழுவதில்லை. பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் ஆண்களே.

இரண்டாவது முகம் வெளிநாடு செல்லும் பணிப்பெண். பிறர் பிள்ளையை வளர்ப்பதற்காகத் தன் பிள்ளையை அம்மம்மாவிடமோ தங்கையிடமோ ஒப்படைத்துச் செல்லும் பெண் அவள். 2013இல் அரசாங்கம், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் வீட்டுப்பணிக்குச் செல்வதைத் தடுக்கும் விதியைக் கொண்டுவந்தது. பிள்ளைக்குத் தாயே வேண்டும் என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். தந்தை எங்கே என்று அவ்விதி கேட்கவில்லை. காப்பகம் அமைப்போம் என்றும் கூறவில்லை. 2022இற் பொருளாதாரம் சரிந்து அந்நியச் செலாவணி அருகியபோது அக்கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. பிள்ளையின் தேவை அவ்வாண்டில் மாறியிருக்க இயலாது; திறைசேரியின் தேவையே மாறியது.

மூன்றாவது முகம் எமக்கு மிகவும் அண்மையானது. 1984இல் யாழ்ப்பாணத்தில், கைதான மகன்மாருக்காக அன்னையர் முன்னணி வீதிக்கு இறங்கியது. 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பிற இடங்களிலும், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்து போராடத் தொடங்கினர். நிலோவ்னாவின் வழி இவர்களுடைய வழியே: மகன்மீது கொண்ட அன்பு அரசியலாக மாறுவது. இவர்களைத் தாய்மார் என்று வணங்குவோர் பலர். இவர்கள் வீதியில் இருந்த நாட்களில் வீட்டில் உலை வைத்தவர் யார், பேரப்பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பியவர் யார், நோய்க்கு மருந்து வாங்கக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டோர் எத்தனை பேர்? கண்ணீரைப் படம் பிடிப்பது எளிது. உலையைப் பகிர்வது கடினம்.

இம்மூன்று முகங்களும் எமது இலக்கியத்தில் இடம்பெறாமலில்லை. ஆயினும் இடம்பெறும் முறையில் ஒரு பழக்கம் ஊறியிருக்கின்றது. தாய் என்ற பாத்திரம் வந்தவுடன் எழுத்தாளனின் சொற்கள் உருகத் தொடங்குகின்றன. வகுப்பறையிலும் அவ்வாறே, தாய்ப் பாத்திரத்தை விளக்குக என்றால் 'தியாகத்தின் திருவுரு' என்று எழுதி மாணவர் விடையை முடித்துவிடுகின்றனர். அவள் எத்தனை மணிக்கு எழுந்தாள், எத்தனை குடம் தண்ணீர் சுமந்தாள், எப்பொழுது உண்டாள் என்பவை விடையில் வருவதில்லை. கதையிலும் பலவேளை வருவதில்லை. தொழிலாளியின் வேலை நேரத்தை மணிக்கணக்கில் எழுதக் கற்றுக்கொண்ட யதார்த்த இலக்கியம், அவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்தவளின் வேலை நேரத்தை மட்டும் உணர்ச்சிக் கணக்கில் எழுதுவது யதார்த்தமாகாது.

தாய்மையை உழைப்பு என்று கூறினால் அன்பு கொச்சைப்படாதோ என்பது இன்னொரு தடை. ஆசிரியன் மாணவனை நேசிக்கின்றான்; அதனால் அவனுக்குச் சம்பளம் வேண்டாம் என்று எவரும் கூறுவதில்லை. மருத்துவத் தாதியின் கனிவு உண்மையானது. அவளுக்கும் கடமை நேரம் என்று ஒன்றுண்டு. தாயின் அன்பு ஒன்றுக்கு மட்டுமே களைப்பு அத்தாட்சியாகக் கோரப்படுகின்றது. ஒல்கா தன் பிள்ளைகளை நேசிக்கின்றாள் என்பதிற் பரான்ஸ்கயாவுக்கு ஐயமில்லை. அவ்வன்பை அனுபவிக்க அவளுக்கு நேரமில்லை என்பதே கதையின் துயரம். சுமையைப் பகிர்தல் அன்பைக் குறைப்பதன்று; அன்புக்கு நேரம் தருவது.

ஆதலின் நாம் கூறுவது இது. கார்க்கியின் 'தாய்' தொடர்ந்து படிக்கப்பட வேண்டிய நூல். இளைஞர் கையில் அதனைக் கொடுக்கும்போது கொடியை மட்டும் காட்டாது சமோவாரையும் காட்டுதல் வேண்டும். பாவெலின் நீதிமன்ற உரையை விளக்குவோர் அவன் தரையைப் பெருக்கிய பக்கத்தையும் விளக்குதல் வேண்டும். தொழிற்சங்கங்கள் கூலியுயர்வு கேட்கும்போது, நல்ல பிள்ளைக் காம்பராவையும், அங்கு பணிபுரியும் பெண்ணுக்கு உரிய ஊதியத்தையும், மேசையிற் பெண்ணுக்கு ஆசனத்தையும் கோருதல் வேண்டும். பொதுக் குழந்தைக் காப்பகம், நோயாளரையும் முதியோரையும் பேணும் பொது ஏற்பாடு, தந்தைக்கும் பிள்ளை பேணும் விடுமுறை என்பன சலுகைகள் அல்ல, உழைப்பாளர் கோரிக்கைகள். முற்போக்கு எழுத்தாளர் தமது கதையில் ஒரு கூட்டம் நடைபெறுவதாக எழுதினால், அங்கு தேநீர் தயாரித்தவர் யார், அவரும் அமர்ந்து பேசினாரா, கோப்பைகளைக் கழுவியவர் யார் என்பதை ஒரு வரியிலேனும் எழுதட்டும். அவ்வரியை எழுதும்போதே, அக்கூட்டம் எத்தகைய சமுதாயத்தை அமைக்கப் போகின்றது என்பது வாசகருக்கும் எழுத்தாளருக்கும் ஒருங்கே தெரிந்துவிடும்.